நாத்தனார் போர்ஷன்

சோப்பு தேய்ந்திருந்தது.

பொத்தான்காரி அதை டப்பாவிலிருந்து எடுத்து, தகரக் கதவை முதுகால் தள்ளி வெளிச்சம் வரவழைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அவளே உறை கிழித்து வைத்த சோப்பு. மேலே இருக்கிற எழுத்து மங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீரில் இரண்டு முறை உருட்டி, யாரோ தினமும் தேய்த்துக் குளிக்கிற மாதிரி பாவனை பண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது நடுவில் குழிந்து, ஒரு உள்ளங்கையின் வளைவுக்குப் பழகி, பாதியாகிவிட்டிருந்தது. அடியில் இன்னும் ஈரம்.

'மனுஷன் கெட்டிக்காரன்தான், சொல்லாமலே செய்கிறான்' என்று புருஷனை மனசுக்குள் மெச்சிக்கொண்டு, சோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெச்சியது அதுவே முதல் தடவை என்பதால் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவனைத் தவிர வேறு யார் தேய்த்திருக்க முடியும்? அந்த அறையில் யாருமே குடியில்லை.

சாக்கடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற தகர வீடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஏழாவது வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் ஒன்பதாவது வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். அங்கே யாரும் நாலு சுவர் வைத்து வீடு கட்டியதே கிடையாது. ஏற்கெனவே நிற்கிற வீட்டின்மேல் சாய்த்து மூன்று பக்கம் தகரம் அடித்தால் வீடு முடிந்தது; நாலாவது சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. ஒரு கோடியில் யாராவது கோபமாகக் கதவைச் சாத்தினால் மறுகோடியில் சாமி படம் கீழே விழும்.

இந்த வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் இடம் கொடுக்கப்போகிறோம் என்று அலுவலகத்திலிருந்து வந்து சொன்னார்கள். அடுப்பு ஒன்றுக்கு வீடு ஒன்று என்பது சட்டம். சொல்லிவிட்டு அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் குடியிருப்பு முழுக்க சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருக்கிற ஒற்றை அறையின் நடுவே தடுப்பு அடித்து, தெருப்பக்கம் இன்னொரு வாசல் வெட்டி, இரண்டாவது அடுப்பு மூட்டிக் கரியேற்றினார்கள். அடுப்பு மட்டும் போதுமா? ஆள் வேண்டாமா? ஆளுக்கும் குறைவில்லை. ஒரே பெரியவர் காலையில் ஒரு வீட்டில் மாமனார், பத்து மணிக்கு இரண்டாவது வீட்டில் சித்தப்பா, மத்தியானம் மூன்றாவது வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த தாய்மாமன் என்று ஓடி ஓடி நடித்து, கடைசியில் நிஜமாகவே மூச்சிரைத்துப் படுத்துவிட்டார்.

பொத்தான்காரி துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் வைக்கிறவள். அவள் புருஷன் சென்ட்ரிங் வேலை. கட்டடங்களில் காங்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடித்துக் கொடுத்து, இறுகியதும் பலகையைப் பிரிக்கிற வேலை. வேலையிடத்தில் கழித்துப் போட்ட பலகைகளைக் கொண்டுவந்து, பன்னிரண்டு அடி வீட்டைச் சரியாக ஆறுக்கு ஆறாகப் பிரித்து அவனே தடுப்பை அடித்தான். பலகைகளின்மேல் பழைய சிமெண்ட் சாம்பல் தோலாகப் படிந்திருந்தது. ஈர மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தரை மேடுபள்ளம் என்பதால் தடுப்பின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சந்து விட்டுப்போயிற்று.

எல்லாம் தயார். ஆனால் நடிப்பதற்கு ஆள் மிச்சமில்லை. கணக்கெடுக்கிறவர் வாசலில் வந்து நின்றபோது பொத்தான்காரி ஒரு நாத்தனாரைப் படைத்தாள்.

"இந்தப் போர்ஷன்ல யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரோட அக்கா சார்."

"ஆளைக் காணோம்?"

"வேலைக்குப் போயிருக்காங்க சார். விடியறதுக்கு முன்னாடி போனா இருட்டினப்புறம்தான் வருவாங்க."

"கல்யாணம்?"

"ஆகலை சார். குணம் அப்படி. எல்லாமே தனக்குன்னு தனியா வேணும். யாரோடயும் ஒட்டாது."

கணக்கெடுக்கிறவர் வீட்டிலும் ஒரு நாத்தனார் இருந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாசலிலும் சிவப்பு மையில் இரண்டு நம்பர் எழுதினார்.

"மறுபடி வருவோம். எப்போன்னு சொல்ல மாட்டோம். புழங்கற அடையாளம் இருக்கணும். வீடு பூட்டியிருந்தாலோ, தடுப்பைப் பிரிச்சிருந்தாலோ ரெண்டு நம்பரையும் அடிச்சிருவோம். அப்புறம் அழக்கூடாது."

அவள் அழுகிற ரகமில்லை. பிறந்த நாளிலிருந்து ஒற்றை அறைக்கு மேல் பார்த்தறியாதவள் அவள். அம்மா வீட்டில் ஒன்பது பேருக்கு ஓர் அறை. இங்கே மூன்று பேருக்கு ஓர் அறை. புடவை மாற்ற வேண்டுமென்றால்கூடப் புருஷனையும் மகளையும் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்த வேண்டும். புதுக் கட்டடத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடு கிடைத்து, நடுச்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துவிட்டால்? வீட்டுக்குள்ளேயே ஒரு கதவு! அதைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் கால் மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பொத்தான் வைத்தபடி, நானூறு முறை அந்தக் கதவைச் சாத்திப் பார்த்துக்கொண்டாள்.

ஆகவே நாத்தனாருக்குச் சோப்பு, சீப்பு, பாய், செருப்பு, கொடியில் ஒரு ஈரத் துண்டு என்று எல்லாம் வைத்தார்கள். வேலைக்குப் போகும் முன் ஒருநாள் இவள், ஒருநாள் அவன் அந்தப் பக்கம் போய்ப் பாயைக் கசக்கி, செருப்பை இடம் மாற்றி, துண்டை நனைத்துப் போட்டுவிட்டு வருவார்கள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்ளாமல் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்த முடியாது என்பதால் வந்த பெயர். அவளுக்கு மட்டும் உண்மை தெரியாது. தெரிந்தால் ரயிலில் போகிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

"உன் நாத்தனாரை ஒருநாள் கண்ணுல காட்டேன்டி. என்ன, சாப்பாட்டு வாசனையே வர மாட்டேங்குது அந்தப் பக்கம்?"

"ஒரு வேளைதான் சாப்பிடுவாங்க அக்கா. காத்து மாதிரி இருப்பாங்க. ஒல்லின்னா அப்படி ஒல்லி. ஒருக்களிச்சு நின்னா நீங்க தேடணும்."

"கோபக்காரியோ?"

"சத்தமே போட மாட்டாங்க. ஆனா ஒண்ணு கேட்டா, கிடைக்கிற வரைக்கும் விட மாட்டாங்க. பிள்ளைங்கன்னா மட்டும் உயிர்."

சொல்லச் சொல்ல நாக்கில் ருசி ஊறியது பொத்தான்காரிக்கு. இல்லாத நாத்தனாருக்கு முழங்கால் வலி கொடுத்தாள். உட்கார்ந்து எழுந்தால் சொடக்கு விடுகிற மாதிரி சத்தம் வரும் என்றாள். தலைமுடி முழங்காலைத் தொடும் என்றாள். ரேடியோ வாய் பிளந்து கேட்டுவிட்டுப் போய், சாயங்காலத்துக்குள் அதை இன்னும் ஒரு சாண் நீளமாக்கி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சோப்புக்கு அடுத்து சீப்பு. ஒருநாள் காலையில் அதில் ஒரு முடிக்கற்றை சுற்றியிருந்தது. பொத்தான்காரி ஒரு முடியைப் பிரித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. கையை உயர்த்தி, பிறகு எழுந்து நின்று இழுத்தாள். அப்போதும் அதன் நுனி தரையில்தான் கிடந்தது.

அன்று சோறு போடும்போது புருஷனிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"முடியெல்லாம் எங்கேர்ந்து புடிச்சே? சோப்பையும் நீதானே கரைச்சே? நல்லாத்தான் யோசிக்கறே."

சென்ட்ரிங்காரன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான்.

"நானா? நீ தினமும் சுத்தமாப் பெருக்கி வைக்கறியே, இவளுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போ வந்துச்சுன்னு நான் ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"நான் ஏன் பெருக்கறேன்? இந்தப் பக்கம் பெருக்கவே எனக்கு நேரமில்லை."

இருவரும் தடுப்பைப் பார்த்தார்கள். தடுப்பு சும்மா நின்றது. மகள், ஏழு வயது, தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, தரையில் குப்புறப் படுத்து, அடிச் சந்து வழியாக அந்தப் பக்கம் நீட்டினாள்.

"ஏய், என்னடி பண்றே?"

"அத்தைக்கு."

"எந்த அத்தை?"

"நம்ம அத்தைதான்." கையை வெளியே இழுத்தாள். கை காலியாக இருந்தது. விரல்கள் நன்றாகத் துடைக்கப்பட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. "அத்தை ரொம்ப ஒல்லியாம்மா. ஆனா அவங்களுக்கு இடம் பத்தலையாம்."

சென்ட்ரிங்காரன் எச்சில் கையோடு வெளியே பாய்ந்து அடுத்த கதவைத் திறந்தான். யாருமில்லை. பெருக்கிய தரை. மடித்த துண்டு. பாயின்மேல் கை வைத்துப் பார்த்தான். சூடு. ஆள் இப்போதுதான் எழுந்து போன சூடு.

"வெயில்ல தகரம் காய்ஞ்சா பாய் சுடாதா?" என்றான் திரும்பி வந்து. அவள் ஒன்றும் கேட்காதபோதே சொன்னான்.

அடுத்த விடுமுறை நாளில் மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜன்னல் இல்லாத வீட்டில் நடுப்பகலும் அரையிருட்டு. கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டிக் டிக் என்று முனகியது. வேர்வையும் மண்ணெண்ணெயும் சாக்கடையும் சேர்ந்த பழகிய நாற்றத்துக்கு நடுவே, எங்கிருந்தோ அப்போதுதான் தலைக்குக் குளித்த ஈர முடியின் வாசனை ஒரு நூலாக வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். மகள் தெருவில் விளையாடினாள். அந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தடுப்புப் பலகைதான் என்பதால், பொத்தான்காரி ரவிக்கை முதுகை அதில் ஒட்டிச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் கதவை நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் முழங்கால் சொடுக்கியது. ஒருமுறை. பிறகு இன்னொன்று.

யாரோ மெல்ல உட்காருகிறார்கள்.

பலகை லேசாக அவள் பக்கம் அமுங்கியது. அதன் குளிர்ச்சி நடுமுதுகிலிருந்து மறைந்து, அங்கே ஒரு சூடு பரவியது. தோள்பட்டைக்கு நேராக இரண்டு எலும்பு. முதுகுத்தண்டுக்கு நேராக மணிமணியாக ஒரு வரிசை. முக்கால் அங்குலப் பலகைக்கு அப்பால் இன்னொரு முதுகு அவள் முதுகோடு சரிக்குச் சரியாகச் சாய்ந்து, அவள் மூச்சு விட்டபோது மூச்சு விட்டது. அவள் மூச்சை அடக்கினாள். அது அடக்கவில்லை.

எழுந்திருக்கவும் பயமாக இருந்தது. எழுந்தால் தெரிந்துவிடும், யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அவள் அப்படியே இருந்தாள். கால் நீட்டி உட்கார்ந்தவளின் பெருவிரல், உட்கார்ந்தபோது ரேடியோ வீட்டுத் தகரத்தை ஒட்டிக் கிடந்த கட்டிலின் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இப்போது கட்டில் காலைத் தொட்டது. அவள் நகரவே இல்லை.

அன்று சாயங்காலம் சென்ட்ரிங்காரன் டேப் வைத்து அளந்தான். ஐந்தடி இரண்டங்குலம்.

"டேப் பழசு. நீண்டிருக்கும்" என்றான்.

"டேப் நீளும். உன் புத்தி எப்போ நீளும்? மறுபடி அள."

"எட்டு மாடி காங்கிரீட்டைத் தாங்கின பலகைடி இது. ஆணி நான் அடிச்சது. நகருமாம்! நடக்குமாம்! நாளைக்கு வேலைக்குக்கூடப் போகும், பாரு!"

சிரித்தான். ஆனாலும் தடுப்பு ஓரமாகவே தரையில் கரிக்கட்டியால் ஒரு கோடு கிழித்தான். மறுநாள் காலையில் கோட்டைக் காணோம். வெளியே போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து பார்த்தான். கோடு அங்கே இருந்தது, தடுப்பிலிருந்து நன்றாக ஒரு முழம் உள்ளே தள்ளி. சென்ட்ரிங்காரன் அப்படியே தெருவில் குந்திவிட்டான்.

"பிரிச்சுடலாம்" என்றான். கடப்பாரையை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து ரேடியோ ஓடிவந்தாள்.

"விஷயம் தெரியுமா? பின்தெருவுல சோதனைக்கு வந்துட்டாங்க. தையல்காரர் வீட்டுல தடுப்பைக் கழட்டி வச்சிருந்தாங்களாம். ரெண்டு நம்பரையும் அடிச்சுட்டாங்க! பொண்டாட்டி பிள்ளையோட நடுத்தெருவுல நிக்கறாரு மனுஷன். நாலு நாள்ல நம்ம தெருவாம். என்ன, கடப்பாரையும் கையுமா?"

"ஒண்ணுமில்லக்கா, பெருச்சாளி" என்றாள் பொத்தான்காரி. ரேடியோ போனதும் புருஷன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டாள்.

"நாலு நாள்தானே."

"உனக்குப் பைத்தியமா? உள்ள எதுவோ இருக்குடி."

"இருக்கட்டும். ரெண்டு சாவியும் கைக்கு வரட்டும். அதுக்கு வேண்டியது இந்த இடம்தானே? எடுத்துக்கட்டும். நமக்கா இது நிரந்தரம்?"

 அவன் கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டான்; கட்டிலுக்கு உள்ளே இடமில்லை.

அவர்கள் பக்கம் நாலடியாயிற்று. அடுப்பு வெளியே போனது. மூன்றடியாயிற்று. பெட்டியை நிறுத்தி வைத்தார்கள். மூவரும் பஸ்ஸில் போகிற மாதிரி வரிசையாக உட்கார்ந்தே தூங்கினார்கள். ஒருவர் அசைய வேண்டுமென்றால் மற்ற இருவரின் சம்மதம் வாங்க வேண்டும். இரண்டடியாயிற்று. நுழையும்போதே ஒருக்களித்து நுழைந்தார்கள். அந்தப் பக்கத்தில் யாரோ தாராளமாக நடந்தார்கள். பெருக்கினார்கள். சொடக். சொடக். பாடவில்லை, பேசவில்லை. மகள் மட்டும் அவர்கள் காலடியில் சுருண்டு, சந்துக்குள் கையை விட்டு, எதையோ பிடித்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினாள். பொத்தான்காரி அந்தக் கையை வெளியே இழுத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ரேடியோ தெருமுனையிலிருந்தே கத்தினாள். "வந்தாச்சு! எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள இருங்க! வந்தாச்சு!"

வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டும். அதுதானே சட்டம். மூவரும் உள்ளே போனார்கள். பெட்டியிலிருந்து அடையாளச் சீட்டுகளை எடுக்க வேண்டும். பெட்டி கடைசி மூலையில் இருந்தது. முதலில் புருஷன், பிறகு மகள், கடைசியில் அவள். வெயில் கண்ணைக் குத்தியதால், உள்பக்கம் திறக்கிற கதவைப் பழக்கதோஷத்தில் சாத்தினாள்.

தடுப்பு நகர்ந்தது.

சத்தமில்லை. ஆணி முனகவில்லை. சாம்பல் தோல் போர்த்த அந்தப் பலகை, மூச்சு விடுகிற வயிறு மாதிரி, முன்னால் வந்தது.

"கதவைத் திற" என்றான் அவன்.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. பலகையில் இடித்து நின்றது.

"தகரத்தை உதை!"

உதைக்கக் காலை மடக்க வேண்டும். மடக்க இடமில்லை. ரேடியோ வீட்டில் ஆளில்லை. ரேடியோ தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவன் கண்ணில் அவள் அதற்கு முன் அவனிடம் கண்டிராத ஒன்று இருந்தது. நீதான் சொன்னாய் என்றது அந்தக் கண்.

கீழே குழந்தை அழவில்லை.

"வா கண்ணு" என்றது அந்தப் பக்கம். பெண் குரல். அன்பான குரல். "அத்தைகிட்ட வந்துரு. இங்க எவ்வளவு இடம் பாரு."

மகள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, சந்து வழியாக, பல்லி மாதிரி வழுக்கிப் போனாள். பொத்தான்காரியின் விரல் அவள் குதிகாலைத் தொட்டது. தொட்டது மட்டும்தான்.

கத்த வேண்டும். கத்துவதற்கு நெஞ்சு விரிய வேண்டும்.

வெளியே செருப்புச் சத்தம். காகிதம் புரளும் சத்தம். சோதனைக்கு வந்த வேறொரு அலுவலரின் தொண்டைச் செருமல்.

"அடேங்கப்பா, நல்லா வச்சிருக்கீங்களே வீட்டை. ஆமா, ரெண்டு நம்பர் போட்டிருக்கே?"

"ஒண்ணுதான் சார். தப்பா எழுதிட்டாங்க" என்றது அதே அன்பான குரல்.

"அப்போ இந்தக் கதவு?"

"அது சும்மா நிக்குது சார். பின்னாடி பக்கத்து வீட்டுத் தகரம்தான்."

அவர் கதவைத் தள்ளினார். கதவு பொத்தான்காரியின் தோளில் இடித்தது. இன்னொரு முறை தள்ளினார். அவள் தோள்தான் தடுத்தது. அந்தத் தோளை ஒரு நெல்லளவு பின்னால் இழுத்திருந்தால் போதும். ஒரு நெல்லளவு இடமில்லை.

"பாப்பா, நீ சொல்லு. உள்ள யாராவது இருக்காங்களா?"

 மகள் வாய் திறப்பதற்கு இருந்த இடைவெளிக்குள் பொத்தான்காரி தன் ஆயுசு முழுவதையும் போட்டுப் பார்த்தாள்.

"இல்ல மாமா. நானும் அத்தையும்தான்."

பேனா கிறுக்கியது. ஒரு நம்பரின் மேல் இரண்டு கோடு. பிறகு சாவி ஒன்று குலுங்கியது.

பலகை இன்னும் ஒரு விரற்கடை வந்தது. இன்னும் ஒன்று. வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. குளிர்ந்தது. ஈரச் சிமெண்டில் கை வைத்தால் முதலில் குளிருமே, அப்படி. பிறகு இறுகியது.

அப்புறம் நாள் கணக்கு இல்லை.

ஒருநாள் முகத்துக்கு நேரே ஆணி பிடுங்கும் சத்தம். ரேடியோ வீட்டைக் காலி செய்கிறாள். தகரம் கிறீச்சிட்டுப் பிரிந்தது. வெளிச்சம்! வெள்ளை வெள்ளையாக, கண்ணைக் கூச வைக்கிற முழு வெளிச்சம். ஒரு கை தூரத்தில் ரேடியோவின் முகம், நேராக அவளையே பார்த்தபடி. மூக்குத் துளையில் வேர்வைத் துளி. பொத்தான்காரி கூப்பிட்டாள். அக்கா. அக்கா. நான்தான். அக்கா.

"இங்க வந்து பாருங்களேன்" என்று ரேடியோ தன் புருஷனைக் கூப்பிட்டாள். "இதுக்கும் நம்ம தகரத்துக்கும் நடுவுல ஒரு காகிதம்கூடப் போகாது போலிருக்கே, அப்படி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நல்ல பலகைங்க. பிள்ளையை நாத்தனார்கிட்ட விட்டுட்டுப் புருஷனும் பொண்டாட்டியும் எங்கேயோ போயிட்டாங்க, கேட்க யாரு இருக்கா? விட்டுட்டா போறது?"

"கறை புடிச்சிருக்கே."

"ஈரம் இறங்கியிருக்கும். ரெண்டு ஆள் நிக்கற மாதிரியே இருக்கு, பாருங்க. ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளை." சிரித்தாள். "பொம்பளை வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறா. என்னை மாதிரி."

பலகையை வண்டியில் மல்லாக்கப் போட்டார்கள். மேலே பாத்திர மூட்டை. அதன்மேல் கயிறு. வானம் ஆடிக்கொண்டே போனது. எட்டு மாடி. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்தார்கள். சுண்ணாம்பு வாசனை மாறாத புது அறை. அதன் நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்றாள் ரேடியோ, இனிமேலாவது கொஞ்சம் மறைவாக இருக்க வேண்டும் என்றாள். பலகையை நிமிர்த்தி மரச்சட்டத்தின்மேல் சாய்த்தார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்து வாசலில் நின்றது. தலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. புதுச் சட்டை. கன்னத்தில் சதை போட்டிருந்தது. மெல்ல வந்து, பலகைக்கு முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்தது.

பாரடி. பார். நன்றாகப் பார்.

மகள் ஆட்காட்டி விரலில் எச்சில் தொட்டு, கறையின் முகம் இருக்கிற இடத்தில் வைத்துத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"போகலை" என்றாள்.

"அது போகாதுடி கண்ணு" என்றாள் ரேடியோ. " நீ தள்ளி நில்லு, சுத்தியல் பட்டுறும்."

வெளியே நடையில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம். சொடக். "கண்ணு, சாப்பிட வா" என்றது அன்பான குரல். குழந்தை ஓடியது.

ரேடியோவின் புருஷன் வாயில் கவ்வியிருந்த ஆணிகளில் நீளமான ஒன்றை எடுத்தார்.

"எங்க அடிக்கட்டும்?"

"கறை மேலயே அடிங்க. ஆணித்தலை தெரியாது."

முனை வந்து பதிந்தது. இடது கண்ணில். அவர் அதை இரண்டு விரலால் நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, சுத்தியலை ஓங்கினார்.